மாமா கொடுத்த அஞ்சாயிரம் ரூபாய் செக்

கண்ணு,

பேனா பிடிச்சு உனக்கு எழுதி எத்தனை வருஷம் ஆச்சுனு எனக்கே ஞாபகம் இல்ல. வாட்ஸ்அப்ல அனுப்பினா பாதி படிச்சுட்டுக் கட்டை விரலைக் காட்டிட்டுப் போயிடுவ. போன்ல சொன்னா நடுவுல உனக்கு ஒரு மீட்டிங் முளைச்சிடும். அதனால மத்தியானப் பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவுத்துட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே உக்காந்து எழுதறேன். பக்கத்துல உன் கல்யாணக் கார்டோட ப்ரூஃப் இருக்கு. பிரஸ்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார், மேடம் ஓகேன்னா அடிச்சிடலாமானு கேட்கறார். நான் இன்னும் ஓகே சொல்லலை. ஏன்னு இதை முழுசாப் படிச்சா உனக்குத் தெரியும். தயவுசெஞ்சு நடுவுல எழுந்து போகாத.

போன ஞாயித்துக்கிழமை நீ ரெண்டு விஷயம் பேசின. ஷெரினோட தம்பி கடை போட ரெண்டு லட்சம் கேட்கறான், கொடுக்கலாமா, கொடுத்தா எழுதி வாங்கணுமானு கேட்ட. கட்டிக்கப் போற பொண்ணோட தம்பிகிட்ட எப்படிம்மா கையெழுத்துக் கேட்கறதுனு வெக்கப்பட்ட. அப்புறம் அதே மூச்சுல, கார்டுல ஜெபராஜ் மாமா பேர் வரக் கூடாதுன்னுட்ட. "அப்பா பணத்தை ஏமாத்தினவர் கையால எனக்கு மாலை வேண்டாம்மா"னு சொன்ன. முதல் கேள்விக்கு அப்பவே பதில் சொல்லியிருப்பேன். ரெண்டாவதைக் கேட்டதும் குக்கர் விசில் அடிக்குதுனு சொல்லி போனை வச்சேன். அன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்கலைடா, ஹோட்டல் இட்லிதான்.

உன்மேல தப்பே இல்ல. "ஏமாத்தினவன்"ங்கற வார்த்தையை உன் வாயில வச்சதே நான்தான். கேஸ் நடந்த வருஷமெல்லாம் நீ சிறுசேரியில ஷிஃப்ட் மாத்தி ஷிஃப்ட் பார்த்துக்கிட்டு இருந்த. தாம்பரம் கோர்ட் பக்கம் ஒரு நாள்கூட வந்ததில்ல. வாய்தா முடிஞ்சு வந்து நான் என்ன சொன்னேனோ அதுதான் உனக்குத் தெரியும். நான் என்ன சொல்லாம விட்டேன்னு இப்பச் சொல்றேன்.

அப்பா போனதும் கம்பெனியில இருந்து வந்த செட்டில்மென்ட் ஆறு லட்சம். நான் வேலை பார்த்த காட்டாங்குளத்தூர் காலேஜ்லேயே உனக்கு சீட் கிடைச்சு, ஸ்டாஃப் பையன்னு ஃபீஸ்ல பாதி தள்ளுபடியும் ஆனதால, அந்தப் பணம் உடனே தேவைப்படலை. அப்பத்தான் என் தம்பி ஜெபா பேங்க் பேங்கா லோனுக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தான். முடிச்சூர்ல அவன் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். சின்னப் பையனா அந்த ஜமக்காள அடுக்கு மேல ஏறித் தூங்கிடுவ. இன்னும் முன்னூறு நாற்காலியும் ஒரு ஜெனரேட்டரும் இருந்தா பெரிய மண்டபத்து ஆர்டர் எல்லாம் பிடிச்சிடலாம்னு கணக்குப் போட்டான். அவன் என்கிட்ட கேட்கவே இல்ல, கண்ணு. பேங்க்காரன் காலை எதுக்குடா பிடிக்கற, அக்கா செத்தா போயிட்டேன்னு நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன். அப்பா ஆஸ்பத்திரியில கிடந்த இருபது நாளும் கடையைச் சாத்திட்டு வராண்டாவுல படுத்துக் கிடந்தவன் அவன். அதுக்கு ஏதாவது செய்யணும்னு எனக்கு இருந்துச்சு.

ஆனா நான் யாரு? இருபத்தாறு வருஷம் ஃபீஸ் கவுன்ட்டர்ல உக்காந்தவ. ரசீது இல்லாம கை நீளாது. நானே ஸ்டாம்ப் வாங்கி, நானே புரோநோட்டு எழுதி, இந்தா கையெழுத்துப் போடுனு நீட்டினேன். அவன் படிச்சுக்கூடப் பார்க்கலை. ரசீது போடாம எங்க அக்கா தண்ணிகூடக் குடுக்க மாட்டானு சிரிச்சுக்கிட்டே ஸ்டாம்ப் மேல கையெழுத்துப் போட்டான். அதுல தப்பில்ல, இன்னைக்கும் சொல்றேன், எழுதி வாங்கினது சரிதான். எழுதி வாங்கினதுக்கு அப்புறம் வாயை மூடிக்கிட்டேன் பாரு, அங்கதான் சறுக்கினேன். எப்பத் தருவ, மாசம் எவ்வளவு, முடியலைன்னா என்ன பண்ணுவனு உக்காந்து ஒரு வார்த்தை பேசலை. நோட்டு பீரோவுல இருக்கு, அது பேசிக்கும்னு விட்டுட்டேன்.

அடுத்த வருஷம் டிசம்பர்ல அந்த வெள்ளம். முடிச்சூர்ல அவன் குடோன்ல ஆள் உயரத்துக்குத் தண்ணி. நாற்காலி எல்லாம் மிதந்து எந்தெந்தத் தெருவுக்கோ போயிடுச்சு. ஜெனரேட்டர் நாலு நாள் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் நான் தொடப்பமும் பினாயிலும் எடுத்துக்கிட்டுப் போனேன். அவன் குடோன் வாசல்ல சேத்துல உக்காந்து, ஒரே ஒரு நாற்காலியைத் துணியால தொடைச்சுக்கிட்டு இருந்தான். முதல்ல நீ எழுந்து நில்லுடா, பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னேன். வாய்தான் அப்படிச் சொல்லிச்சு. மனசு ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அவன் பேச்சை எடுப்பான்னு நானும், அக்கா கேட்டா என்ன சொல்றதுன்னு அவனும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம சர்ச்சுல ஆளுக்கொரு ஓரமா உக்கார ஆரம்பிச்சோம்.

அதுக்கடுத்த நவம்பர், உன் பிறந்தநாள். நீ கடைசி வருஷம். பழைய நோட்டு செல்லாதுன்னு சொல்லி ஊரே பேங்க் வாசல்ல நின்ன சமயம். ஜெபா ஸ்கூட்டர்ல வந்து கேட்டுக்கு வெளியவே நின்னான். பையனுக்கு இன்டர்வியூ வருதாமே, எட்டு சைஸ்தானே, காலுக்கு நல்லதா ஒரு ஷூ வாங்கிக் கொடுக்கா, கையில செல்லுற நோட்டா எதுவும் இல்லன்னு சொல்லி, ஸ்கூட்டர் சீட்டு மேல வச்சு ஒரு செக் எழுதினான். அஞ்சாயிரம். உன் பேருல எழுதினா படிக்கிற பையன் பேங்க் கியூவுல நிக்கணுமேன்னு என் பேருல எழுதினான். டீ குடிச்சுட்டுப் போடானு நானும் கூப்பிடலை. உள்ள வந்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆறு லட்சத்தை வச்சுக்கிட்டு அஞ்சாயிரத்துல தாய்மாமன் பெருமையானு தோணிச்சு. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்ல அந்தக் காசுலதான் ஷூ வாங்கினேன். கறுப்புத் தோல், எட்டு சைஸ். உன்கிட்ட அம்மா வாங்கினதுன்னு சொல்லிட்டேன். நீ அதைப் போட்டுக்கிட்டுத்தான் சிறுசேரிக்கு இன்டர்வியூக்குப் போன. வேலை கிடைச்சு வந்து, ஷூவைக் கழட்டாமலே என்னைத் தூக்கிச் சுத்தின. ராசியான ஷூனு ரெண்டு தடவை சோல் மாத்திப் போட்டியே, அது மாமா வாங்கிக் கொடுத்ததுடா.

அடுத்த வருஷம் யாரோ வந்து, உன் தம்பி புதுசா மினி லாரி எடுத்திருக்கானாமேனு காதுல போட்டாங்க. அது பழைய வண்டினும், அதை வச்சு லோடு அடிச்சாத்தான் அவனுக்கு அன்னன்னைக்குச் சோறுனும் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். முடிச்சூர் பத்து நிமிஷம். ஒரு ஷேர் ஆட்டோ ஏறிப் போய் என்னடா இதுனு கேட்டிருக்கலாம். நான் போனது வக்கீல் ஆபீஸுக்கு. வக்கீல் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, எழுதின தேதியில இருந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், அது முடிஞ்சு நாலு மாசம் ஆச்சேம்மா, கேஸ் நிக்காதேன்னார். உன் அப்பாவோட உயிருக்கு வந்த விலைடா அது. நடுவுல உங்க தம்பி கடனுக்குன்னு ஏதாவது திருப்பிக் கொடுத்தாரா, அவர் கையெழுத்தோட ஏதாவது இருந்தா அந்தத் தேதியில இருந்து புதுசா மூணு வருஷம் கிடைக்கும்னு அவர் கேட்டார். நான் ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் சொன்னேன், அஞ்சாயிரம் செக் கொடுத்தான் சார்னு. கடனுக்குத்தானேனு கேட்டார். ஆமாம்னேன்.

அவ்வளவுதான் கண்ணு நான் பண்ணினது. ஒரே வார்த்தை. கடன் நிஜம், ஆறு லட்சமும் நிஜம், அந்தச் செக் மட்டும் பொய். நம்ம பணத்தைத் தானே கேட்கறோம், ஒரு சின்ன வார்த்தையில என்ன வந்துடப் போகுதுனு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். வக்கீல் நோட்டீஸ் போச்சு. அவன் வாங்கிக்கிட்டான்னு தபால் ஆபீஸ் அட்டை திரும்பி வந்துச்சு. அதுல அவன் கையெழுத்து, புரோநோட்டுல போட்ட அதே கையெழுத்து, ஆனா கோணலா இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை. இருந்தாலும் நிறுத்தலை. ரோஷம்டா, வேற என்ன. அவன் வக்கீலும் பதில் போட்டார், கெடு முடிஞ்சு போச்சு, கடனுக்குன்னு ஒரு பைசாவும் திருப்பித் தரலைனு. அதைப் படிச்சதும் பார்த்தியா, ஏமாத்தப் பார்க்கறான்னு உனக்குப் போன் பண்ணிக் கத்தினது நான்தான். பதில்ல இருந்தது அட்சரம் பிசகாத உண்மை.

ரெண்டு வருஷத்துக்கு மேல வாய்தா வாய்தாவா அலைஞ்ச பிறகு என்னைக் கூண்டுல ஏத்தினாங்க. கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மைனு சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சண்டே கிளாஸ் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேனு சொல்லிக் கொடுத்த வாய். ஜெபாவோட வக்கீல் ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார். செக்குல இருக்கிற தேதி உங்க பையனோட பிறந்தநாள்தானேம்மானு. ஆமா, தேதி ஒத்துப்போச்சு, அவ்வளவுதான் சார்னு சொன்னேன். பின் பெஞ்சுல ஜெபா குனிஞ்சு உக்காந்திருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

அடுத்த வாய்தாவுல அவன் முறை. அவன் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அது என் அக்கா பையனுக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்ததுனு ஒரு வரி சொன்னாப் போதும், கேஸ் அன்னைக்கே சாஞ்சிடும். அவன் சொல்லப் போறது முழு உண்மை. என் வக்கீலுக்கே கொஞ்சம் பயம்தான். செக்கைக் காட்டி, இதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானேனு கேட்டார். ஆமாம்னான். இது புரோநோட்டுக் கடனுக்காகக் கொடுத்ததுதானேனு கேட்டார். ஜெபா அப்பத்தான் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் ஒண்ணும் பார்க்கலை, பஸ்ல ஏறறப்ப திரும்பிப் பார்ப்போமே, அவ்வளவு நேரம்தான்.

"ஆமா சார். அக்கா சொன்னது சரிதான்"னு சொல்லிட்டான்.

அவன் வக்கீல் ஃபைலை மேஜையில போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்குது. தீர்ப்பு நமக்கு வந்துச்சு. உனக்குப் போன் பண்ணினப்ப நீ ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கப் போறேன்னு சொன்ன. நான் கோர்ட் வாசல்ல கரும்பு ஜூஸ் வண்டிகிட்ட நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன். சந்தோஷத்துல அழறேன்னு நீ நினைச்சுக்கிட்ட. அவன் லாரியை வித்து, இருந்த பாத்திரத்தை வித்து, மிச்சத்தைத் தவணை தவணையா கட்டி, வட்டியும் கோர்ட் செலவும் சேர்த்து மொத்தமும் முடிச்சான். ஒரு தவணைகூடத் தப்பலை. இப்போ நீ குடியிருக்கிற பெங்களூர் ஃப்ளாட்டுக்கு முன்பணமாப் போனது அதுதான். நம்ம பணம்தான், இல்லைங்கலை. ஆனா அது எப்படி வந்துச்சுனு தெரியாம நீ அந்த வீட்டுக்குப் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போகக் கூடாதுனு எனக்குத் தோணிச்சு.

நீ ஞாயித்துக்கிழமை பேசினதுக்கு அப்புறம் நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை பஸ் ஏறி கீழ்க்கட்டளைக்குப் போயிட்டேன். ஜெபா இப்போ அங்க ஒரு கல்யாண மண்டபத்துல சூப்பர்வைசர். அடுத்தவங்க நாற்காலியை எண்ணி அடுக்கற வேலை. தலை பூரா வெளுத்துப் போச்சு. என்னைப் பார்த்ததும் வாக்கான்னான், நேத்துத்தான் பார்த்த மாதிரி. அடுக்குல இருந்து ரெண்டு நாற்காலியை உருவிப் போட்டு, சட்டைத் துணியாலேயே தொடைச்சான். அந்தக் காலி மண்டபத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்தோம். ஜெபா, அந்தச் செக்குனு ஆரம்பிச்சேன். விடுக்கான்னான். விட மாட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னனு கேட்டேன். அழுதேன்தான், அதுல என்ன வெக்கம்.

"நீ கடவுள் அறியனு சொல்லிட்டு இறங்கிட்ட. நான் ஏறி இல்லன்னு சொன்னா, எங்க அக்கா பொய்க்காரினு நானே ஊரறியச் சொன்ன மாதிரி ஆயிடும். பணம் வாங்கினது வாங்கினதுதானேக்கா. அத்தானோட பணம் அது. நோட்டுக் கெடு முடிஞ்சா கடனும் முடிஞ்சு போச்சுனு நான் எப்பவும் நினைச்சதில்ல. வக்கீல் எழுதினார், நானும் பயத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். நான் மட்டும் யோக்கியமா?"

இதைத்தான் சொன்னான். மன்னிப்புக் கேட்கறதுக்கு நான் வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தது அத்தனையும் மறந்து போச்சு. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, தப்பு பண்ணிட்டேன்டானு மட்டும் சொன்னேன். சரி சரி, காபி குடிக்கறியானு எழுந்து போயிட்டான்.

இப்போ உன் முதல் கேள்விக்கு வர்றேன். ஷெரின் தம்பிக்குக் கொடு. திரும்பி வரலைன்னாலும் உன்னால தாங்க முடியுமானு முதல்ல பார்த்துக்கோ, தாங்க முடிஞ்ச அளவு மட்டும் கொடு. எழுதி வாங்கு, வெக்கப்படாத. ஷெரினையும் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுது. ஆனா எழுதினதோட நிறுத்திடாத. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவன்கூட உக்காந்து டீ குடிச்சுட்டு, எப்படிடா போகுது, முடியுதானு நீயே கேளு. அவன் கஷ்டத்துல இருந்தா முகத்துக்கு நேரா கோபப்படு, பரவாயில்ல. அவனைப் பத்தி யாராவது வந்து உன் காதுல போட்டா, வக்கீல் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவன் வீட்டுக்குப் போ. அவன் உன் பிள்ளைக்கு ஆசையா ஏதாவது வாங்கிக்கிட்டு வந்தா, அதைக் கடன்ல சேர்க்காத. அம்மா பட்டுச் சொல்றேன்.

இனிமே இதை நீ என்ன பண்ணுவியோ, என்கிட்ட எவ்வளவு நாள் பேசாம இருப்பியோ எனக்குத் தெரியாது. கோவிச்சுக்கோ. என்மேல கோவிச்சுக்கோ, அவன்மேல வேண்டாம். அவன் பேரை நான் ப்ரூஃப்ல எழுதிச் சேர்த்துட்டேன், ஆனா பிரஸ்காரரை அடிக்கச் சொல்லலை. அதை நீதான் சொல்லணும். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சர்ச்சுக்குக் கிளம்பறப்ப மாலை போடறதும், மாப்பிள்ளை காலுக்கு ஷூ வாங்கறதும் தாய்மாமன்தான். உங்கப்பாவுக்கு அவர் மாமா ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டு வந்ததால, நியூஸ் பேப்பரைச் சுருட்டி உள்ள திணிச்சுக்கிட்டுத்தான் அவர் என் பக்கத்துல வந்து நின்னார். நடக்கறப்ப எல்லாம் சரசரனு சத்தம். அந்த போட்டோவுல நான் சிரிச்சுக்கிட்டு இருக்கறது அதுக்குத்தான்.

காபி குடிச்சு முடிச்சதும் உன் கல்யாணத் தேதியை ஜெபாகிட்ட சொன்னேன். வானு நான் கூப்பிடலை, கூப்பிடற உரிமை உன்னோடதுனு இருந்துட்டேன். அவனும் வர்றேன்னு சொல்லலை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தான். பஸ் வந்து நான் படியில கால் வச்சப்பத்தான் கேட்டான், "அவனுக்கு இப்பவும் எட்டு சைஸ்தானாக்கா?"னு.

எனக்குத் தெரியலைடானு சொல்லிட்டு ஏறிட்டேன். நிஜமாவே தெரியலை, நீ இப்பல்லாம் ஆன்லைன்லதானே வாங்கற. வர்ற சனிக்கிழமை ஊருக்கு வந்ததும் பையை வீட்டுல போட்டுட்டு, கீழ்க்கட்டளைக்குப் போய் உன் கால் அளவை மாமாகிட்ட நீயே சொல்லிட்டு வா.

அம்மா